குடியிருக்கும் நாட்டுக்காக ஜெபித்தல்



மலாக்கா நகருக்குச் சுற்றுலா வந்த தோட்டப் பிள்ளைகள் எல்லாரும் பண்டார் ஹிலிர் திடலைப் பார்த்திருப்பார்கள். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், இலண்டனில் பேச்சுவார்த்தை முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், அந்தத் திடலில் திரண்டிருந்த மக்களுக்கு முன் நின்று, 1957 ஆகஸ்டு 31 நமது விடுதலை நாள் என்று அறிவித்தார். திடலுக்கு அருகே ஒரு குன்று இருக்கிறது. குன்றின் உச்சியில் கூரை இழந்த ஒரு பழைய ஆலயம். 1521இல் போர்த்துகீசியர் அதைச் சிற்றாலயமாகக் கட்டினர். பின்னர் வந்த டச்சுக்காரர் அதற்குப் புனித பவுலின் பெயரை இட்டனர். குன்றும் அந்தப் பெயராலேயே வழங்குகிறது. ஆள்வோருக்காக ஜெபம் செய்யுங்கள் என்று கிறிஸ்தவர்களுக்கு எழுதி வைத்தவர் அந்தப் பவுல்தான். குன்றும் திடலும் யாரும் திட்டமிட்டுச் சேர்த்தவை அல்ல. ஆனாலும் இன்றைய பேச்சுக்கு அவை இரண்டும் பொருத்தமாகவே அமைந்துவிட்டன.

இதைக் கேட்கின்ற தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவை கிறிஸ்தவக் குடும்பங்கள் அல்ல என்பது நமக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் பூசை முடிவில் நாடும் மக்களும் நலமாயிருக்க வேண்டும் என்று வாழ்த்துவது உண்டு. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை உரையில் மாமன்னருக்காக துஆ கேட்பதும் உண்டு. ஆகவே இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய காரியமன்று. ஆயினும் அதே லயத்தில் நாலு வீடு தள்ளியிருக்கும் கிறிஸ்தவக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை எதற்காக நாட்டின் பெயரைச் சொல்லிக் கண்மூடி நிற்கிறது, அது வெறும் வழக்கமா, கடமையா என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பவுல் தம் சீடராகிய தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இந்தக் கட்டளை இருக்கிறது. எல்லா மனிதருக்காகவும் விண்ணப்பமும் நன்றியும் செலுத்தச் சொன்ன பிறகு, அரசர்களையும் அதிகாரத்தில் உள்ள அனைவரையும் அவர் தனியே எடுத்துக் கூறுகிறார். காரணத்தையும் கூடவே சொல்கிறார். மக்கள் கலகமின்றி, அமைதியாக, நேர்மையாக வாழ அது தேவை என்பதே காரணம். அரசர் மகிழ வேண்டும் என்பதோ, நமக்குச் சலுகை கிடைக்கும் என்பதோ அங்கே இல்லை.

அந்தக் காலத்து அரசர் யார் என்று கேட்டால்தான் இந்தக் கட்டளையின் கனம் தெரியும். சபையின் மரபுப்படி பவுல் வாழ்ந்ததும் மாண்டதும் நீரோ மன்னனின் ஆட்சியில். கி.பி. 64இல் உரோமாபுரி தீப்பற்றி எரிந்தபோது, பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டு அவர்களைக் கொடுமையாகக் கொன்றவன் அவன். அவன் கிறிஸ்தவனும் அல்லன், நல்லவனும் அல்லன். அப்படிப்பட்டவன் ஆண்ட நாட்டில்தான் ஆள்வோருக்காக ஜெபம் செய்யும் வழக்கம் தொடங்கியது. ஆகவே, "தலைவர் நம் மதத்தவர் இல்லையே, நமக்குப் பிடித்த கட்சிக்காரர் இல்லையே, அவருக்காக ஏன் ஜெபிக்க வேண்டும்?" என்று கேட்பவருக்கு விடை ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிள்ளைகளுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அரசருக்காக ஜெபிப்பது வேறு. அரசரை நோக்கி ஜெபிப்பது வேறு. உரோமப் பேரரசில் மன்னனின் உருவத்துக்குத் தூபம் காட்டச் சொன்னார்கள். கிறிஸ்தவர்கள் மறுத்தார்கள். அதனால் அவர்களை இராஜத் துரோகிகள் என்றார்கள். கி.பி. 197ஐ ஒட்டி, கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் என்ற அறிஞர் இதற்கு மறுமொழி எழுதினார். மன்னனுக்கு நீண்ட ஆயுளும், பத்திரமான ஆட்சியும், வீரமுள்ள படையும், உண்மையுள்ள ஆலோசனைச் சபையும், ஒழுங்குள்ள குடிமக்களும் வேண்டுமென்று நாங்கள் இடைவிடாமல் கேட்கிறோம் என்பது அவருடைய வாதம். மன்னனைத் தெய்வம் என்று சொல்ல மாட்டோம், ஏனெனில் அவன் மனிதன் என்பதும் அவர் வாதமே. ஒருவருக்காக நாம் கடவுளிடம் கேட்கிறோம் என்றால், அவருக்கும் தேவை இருக்கிறது, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறோம். மேடையில் தலைவர்களுக்குக் கனத்த மாலை போட்டு ஆகாயம்வரை புகழ்வதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்தப் புகழ்ச்சிக்கும் ஜெபத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பவுலுக்கும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய இன்னொரு கடிதம் உண்டு. தோட்டத்து மக்களாகிய நாம் அதை ஒருமுறையாவது காதால் கேட்டிருக்க வேண்டும். கி.மு. 597இல் பாபிலோனிய அரசன் எருசலேமைப் பிடித்து, அங்கிருந்து ஏராளமான மக்களைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனான். புதிய நாடு, தெரியாத பாஷை, வேறு தெய்வங்கள். இரண்டே வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பலாம் என்று அனனியா என்றொருவன் சொன்னான். கேட்பதற்கு இனிமையான பேச்சு. எரேமியா தீர்க்கதரிசி அதற்கு நேர்மாறாக எழுதினார். எழுபது ஆண்டுகள் ஆகும். ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள் என்றார். அதோடு நிற்கவில்லை. உங்களைக் கொண்டுபோய் வைத்த அந்தப் பட்டணத்தின் நன்மையைத் தேடி, அதற்காக ஜெபம் செய்யுங்கள், அது சமாதானமாயிருந்தால்தான் உங்களுக்கும் சமாதானம் என்றும் எழுதினார்.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த கதை வீட்டுக்கு வீடு உண்டு. ரஜூலா கப்பலின் பெயர் இன்னும் முதியவர்களின் வாயில் இருக்கிறது. அவர்களுக்கு "ஊர்" என்றால் தமிழ்நாடுதான். இங்கே இருந்ததெல்லாம் தோட்டம், லயம், வெட்டுக்காடு. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்றே பலர் முப்பது வருஷம், நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, தோட்டத்து இடுகாட்டிலேயே அடக்கமானவர்கள் எத்தனை பேர்! போய்விடப் போகும் நாட்டில் யார் ஆண்டால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து வந்தது. மனுச் செய்ய வேண்டிய நேரத்தில் சிலர் மனுச் செய்யவில்லை. சிலருக்கு விவரம் சொல்ல ஆளில்லை. சிலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1969 முதல் அமல்படுத்தியபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. பல ஆயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இங்கே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். தங்கியவர்களில் சிலர் சிவப்பு அடையாள அட்டையோடு வயதாகிப் போனார்கள். இன்றும் நம்மிடையே அத்தகைய தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள்.

எரேமியாவின் கடிதத்தை இவர்களை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். குடியுரிமை இல்லாத மக்களுக்குத்தான் அவர் அதை எழுதினார். பாபிலோனில் அவர்களுக்கு ஓட்டு இல்லை, பதவி இல்லை, நிலப்பட்டா இல்லை. இருந்தும், அந்த நாட்டுக்காகக் கடவுளிடம் பேசும் உரிமை உங்களுக்கு உண்டு என்றார். நீல அட்டை வைத்திருப்பவர் மட்டுமே நாட்டுக்காக ஜெபிக்கலாம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. அதே சமயம், ஜெபித்தது போதும், அட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. நன்மையைத் தேடுங்கள் என்பது முதலில் வருகிறது. ஜெபியுங்கள் என்பது அடுத்து வருகிறது. பாட்டியின் குடியுரிமை மனுவை எழுதிக் கொடுப்பதும், பதிவு இலாகாவுக்கு அவரைக் கைபிடித்து அழைத்துப் போவதும் அந்தத் தேடுதலில் சேர்ந்தவையே.

நம் மலாக்காவின் ஆலயங்களை எடுத்துக்கொண்டால், ஆள்வோருக்கான ஜெபத்தில் பெயர் எப்படி மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதைக் காணலாம். 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824 உடன்படிக்கையின்படி நிலையாக ஆங்கிலேயர், 1942 ஜனவரியில் ஜப்பானியர், 1945இல் மறுபடியும் ஆங்கிலேயர். நகரின் நடுவில் சிவப்பாக நிற்கும் கிறிஸ்து ஆலயம் டச்சுக்காரர் கட்டியது. மலாக்காவைப் பிடித்த நூறாம் ஆண்டின் நினைவாக 1741இல் தொடங்கி, 1753இல் முடித்தார்கள். 1838இல் கல்கத்தா மேற்றிராணியார் வந்து அதை ஆங்கிலிக்கன் முறைப்படி பிரதிஷ்டை செய்தார். ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகத்தில் மன்னருக்கும் அரச குடும்பத்துக்கும் தனித்தனி ஜெபங்கள் உண்டு. அந்தப் புத்தகம் தமிழிலும் இருந்தது. ஆகவே, கடல் கடந்த ஒரு மன்னருக்காகத் தமிழில் வேண்டிக்கொண்ட தலைமுறைகள் உண்டு. 1957இல் அந்த இடத்துக்கு நம் நாட்டின் முதல் மாமன்னர் வந்தார். அவர் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த துவாங்கு அப்துல் ரஹ்மான். நம் ரிங்கிட் நோட்டில் நாம் தினமும் பார்க்கும் முகம் அவருடையதுதான்.

மலேசியாவில் இந்த ஜெபத்துக்கு வேறோர் ஒழுங்கும் தேவைப்படுகிறது. மாமன்னர் ஒருவரே வாழ்நாள் முழுதும் இருப்பதில்லை. ஒன்பது மாநில மன்னர்கள் கூடித் தங்களில் ஒருவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். மலாக்காவுக்குச் சுல்தான் இல்லை. மாமன்னர் நியமிக்கும் ஆளுநரே மாநிலத் தலைவர். பிரதமர் பதவியை எடுத்துக்கொள்வோம். 2018 மே மாதத்திலிருந்து 2022 நவம்பர்வரை நான்கு பேர் பிரதமராகப் பதவியேற்றார்கள். நம் மாநிலத்திலும் 2021 அக்டோபரில் நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொள்ள, சட்டமன்றம் கலைந்து நவம்பர் 20இல் தேர்தல் நடந்தது. மனப்பாடமாகப் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்காக ஜெபிக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். பத்திரிகை படிக்கத் தெரிந்த வாலிபப் பிள்ளை ஒருவனை இதற்குப் பொறுப்பாக வைக்கலாம். பெயர் மாறும்போது சபைக்குச் சொல்வது அவன் வேலை.

2022 நவம்பர் 19இல் பொதுத் தேர்தல் முடிந்து, எவருக்கும் பெரும்பான்மை இல்லாமல், 24ஆம் நாள்வரை பிரதமர் யாரென்று தெரியாமல் நாடு காத்திருந்தது நினைவிருக்கும். அந்த ஐந்து நாளும் தேநீர்க் கடையில் பேசாத பேச்சில்லை. யார் வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்ற பயம் எல்லா இனத்தவருக்கும் இருந்தது. தலைவர்களுக்காக ஜெபிப்பது என்பது அத்தகைய நாட்களில்தான் உண்மையில் கடினம். நாம் விரும்பியவர் வர வேண்டும் என்று கேட்பது எளிது. வருகிறவர் எவராயினும் நீதியாய் நடக்க வேண்டும், தோற்றவரும் அமைதி காக்க வேண்டும் என்று கேட்பதற்குத்தான் மனம் பழக வேண்டும். 1969 மே 13இன் கசப்பை அறிந்த முதியவர்களுக்கு இது புரியும். அந்தக் கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாட்டில் இறைநம்பிக்கை முதலாவதாகவும், பேரரசருக்கும் நாட்டுக்கும் காட்டும் விசுவாசம் இரண்டாவதாகவும் வைக்கப்பட்டன. பள்ளியில் வாரந்தோறும் பிள்ளைகள் ஒப்புவிக்கும் பாடம் அது.

கத்தோலிக்கச் சபையில் பெரிய வெள்ளியன்று சொல்லும் பத்துப் பொது மன்றாட்டுகளில் ஒன்பதாவது, நாட்டை ஆள்வோருக்கானது. ஞாயிறு பூசையின் விசுவாசிகள் மன்றாட்டிலும் ஆள்வோருக்கு இடமுண்டு. லூத்தரன் சபையாரோ இதைச் சோற்றுத் தட்டிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் அன்றாட ஆகாரத்தைத் தாரும் என்று கேட்கிறோம் அல்லவா? ஆகாரம் என்றால் என்னென்ன என்று மார்ட்டின் லூத்தர் தம் ஞானோபதேசச் சிறுநூலில் ஒரு பட்டியல் போடுகிறார். உணவும் உடையும் வீடும் அதில் உண்டு. நல்ல மழை வெயிலும், நல்ல அயலாரும், நல்ல ஆட்சியாளரும்கூட அதில் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் அந்த நூலைத் தமிழாக்கினார். லூத்தர் தம் பெரிய ஞானோபதேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அரசர்களின் சின்னத்தில் சிங்கத்துக்குப் பதிலாக ஒரு ரொட்டியைப் போட்டால் பொருத்தமாயிருக்கும் என்கிறார். நாம் உண்பது அவர்கள் காக்கும் அமைதியினால் என்பதை மக்களும் நினைப்பார்கள், அவர்களும் மறக்கமாட்டார்கள் என்பது அவர் கருத்து.

பால்மரம் சீவிப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது. மங்கில் பால் இல்லாவிட்டால் அன்றைய கூலியில் துண்டு விழும். மழைக்கு எவரும் சட்டம் போட முடியாது. ஆனால் கூலிக்குச் சட்டம் உண்டு. 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று அரசாங்கம் விதித்தது. 2022 மே முதல் 1,500 ஆகவும், 2025 பிப்ரவரி முதல் 1,700 ஆகவும் உயர்ந்தது. தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்பதற்கு 1990இல் ஒரு சட்டம் வந்தது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஆயிரக்கணக்கான அடுப்புகளில் உலை கொதிக்கும். போடாமல் வைத்திருந்தால் அதே அடுப்புகள் காத்திருக்கும். அப்படிப்பட்ட கைக்காக ஜெபிப்பதும் சோற்றுக்காக ஜெபிப்பதும் ஒன்றுதான்.

ஆனால் நம் ஜெபக் கூட்டங்களில் நடப்பது என்ன? நோயாளிகளுக்குப் பத்து நிமிஷம், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷம், கடைசியில் நாட்டுக்கும் தலைவர்களுக்கும் ஒரே மூச்சில் ஒரு வாக்கியம். ஞானத்தைக் கொடும், ஆமென் என்று முடிந்துவிடும். நோயாளியின் பெயரும் வியாதியும் சொல்லி ஜெபிக்கிறோமே, மாவட்டத்தின் தேவையை ஏன் அப்படிச் சொல்லக் கூடாது? மலாக்காவில் மூன்றே மாவட்டங்கள்தாம்: மலாக்கா தெங்ஙா, அலோர் காஜா, ஜாசின். மாவட்ட அதிகாரிக்கு ஒரு வாரம், காவல் நிலையத்தாருக்கு ஒரு வாரம், நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்வோருக்கு ஒரு வாரம், சுகாதார நிலையத்தின் மருத்துவருக்கும் தாதியருக்கும் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். லஞ்சம் நீட்டப்படும்போது மறுக்கும் தைரியம் அவர்களுக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கலாம். லஞ்சம் கொடுக்காதிருக்கும் தைரியம் நமக்கு வேண்டும் என்றும் அதே மூச்சில் கேட்டுக்கொள்வது நல்லது.

கொடுமை செய்கிறவருக்காகவும் ஜெபிக்க வேண்டுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் பல்லாயிரம் பேர். அந்தக் காலத்தில் மலாயாவுக்கும் சேர்த்து ஆங்கிலிக்கன் மேற்றிராணியாராயிருந்தவர் சிங்கப்பூரிலிருந்த லெனர்ட் வில்சன். 1943 அக்டோபரில் ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரைப் பிடித்து, உளவு பார்த்ததாகக் குற்றஞ்சாட்டிப் பல நாள் அடித்து வதைத்தார்கள். அடிப்பவர்களின் முகங்களைப் பார்க்கையில், அவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்த காலத்தை நினைத்துப் பார்த்து அவர்களுக்காக ஜெபித்ததாக அவர் போருக்குப் பின் கூறினார். அவர்களில் ஒருவர் பின்னாளில் கிறிஸ்தவரானார். அவருக்குத் திடப்படுத்தல் கொடுத்தவரும் வில்சன் ஐயரேதான். இதில் கவனிக்க வேண்டியது, வில்சன் தாம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை என்பது. அடிக்கிறவனுக்காக அவர் ஜெபித்தார். அவன் கேட்ட பொய்யை அவர் சொல்லவில்லை.

ஆகவே, தலைவர்களுக்காக ஜெபிப்பவர்கள் தேர்தலில் எதிர்த்து ஓட்டுப் போடக் கூடாது, சங்கத்தில் சேரக் கூடாது, மனுக் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கத்தோடு வெயிலில் நிற்பவர், அதே மாலை மனிதவள அமைச்சருக்காகவும் வேண்டிக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று தடையில்லை. பார்க்கப்போனால், எதிர்த்துப் பேசும்போது நாக்கில் விஷம் ஏறாமல் காப்பதற்கு அந்த ஜெபம் உதவும்.

ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் எழுந்து, "சார், நம்ப தோட்டத்து மானேஜருக்கும் ஜெபம் பண்ணணுமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. அவன் அப்பாவுக்கு அந்த மாதம் ஏதோ சம்பளப் பிடித்தம். அதிகாரத்தில் உள்ள அனைவரும் என்றுதானே பவுல் எழுதியிருக்கிறார், மானேஜருக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்டோம். இருக்கிறது என்றான். அப்படியானால் பட்டியலில் எழுது என்றோம். கரும்பலகையில் மாமன்னர், ஆளுநர், பிரதமர், முதலமைச்சர், மாவட்ட அதிகாரி என்று வரிசையாக இருந்ததன் கீழே அவனே போய் எழுதினான். எழுதிவிட்டுச் சற்று யோசித்து, அதற்கும் கீழே கங்காணியையும் சேர்த்தான்.